ஆப்பிள் சீவுகிறவளுக்குப் பக்கத்து நாற்காலி

கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிற அந்த நாட்டில், மழை நின்றால் காற்றும் காற்று நின்றால் மழையுமாக இருக்கிற அந்தத் துறைமுக ஊரில், பிழைக்கப் போன தமிழர்களாகிய நாங்கள் அதன் பெயரை எப்படி உச்சரித்தாலும் ஊர்க்காரர்கள் சிரித்ததால் மழையூர் என்றே சொல்லிப் பழகிவிட்ட அந்த ஊரில், குளிர்காலம் வருகிறதென்று கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்கிற வாரத்தில், கலைக்கூடத்தின் மாடியில் தொங்கிக்கொண்டிருந்த முந்நூற்றுச் சொச்சம் வருஷப் பழைய ஓவியம் ஒன்றுக்குள் புதிதாக ஒரு ஆள் வந்து உட்கார்ந்திருந்தான்.

அது எப்படி என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கலைக்கூடத்துக்காரர்கள் வந்து பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், அந்த ஆளின் சட்டை நீலத்திலும் மற்ற இடங்களில் ஓடுகிற அதே பழைய வெடிப்புகள் ஓடுவதைக் கண்டார்கள், இவன் முதலிலிருந்தே இருந்திருக்கிறான், யாரோ மேலே வண்ணம் பூசி மறைத்திருக்கிறார்கள், ஈரக் காற்றுக்கு மேல்பூச்சு கரைந்து இப்போது வெளியே வந்திருக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். சுவரில் இருந்த ‘ஆப்பிள் சீவும் பெண்’ என்ற அட்டையைக் கழற்றி, ‘ஆப்பிள் சீவும் பெண்ணும் விருந்தாளியும்’ என்று புது அட்டை மாட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அந்த ஊரில் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்வார்கள், அட்டை மாறிவிட்டால் விஷயம் முடிந்தது.

அந்த ஆள் இசக்கிராஜ் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. எங்களுக்குத் தெரிந்த இசக்கிராஜ் சங்கரன்கோவில்காரன், துறைமுகத்தில் எந்தப் பெட்டியை எந்தக் கப்பலில் எங்கே அடுக்குவது என்று கம்ப்யூட்டரில் திட்டம் போடுகிற கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவன், தமிழ்ச் சங்கத்தில் புதிதாக வந்து இறங்குகிற பிள்ளைகளுக்கு நேர்முகத் தேர்வில் எப்படிப் பேச வேண்டும், எப்படிக் கை குலுக்க வேண்டும் என்று வகுப்பு எடுத்தவன். “தோள நிமித்தி உக்காருங்க தம்பி, இங்க தோளப் பாத்துத்தான் சம்பளம் போடுதான்” என்று சொல்லித் தன் தோளை நிமிர்த்திக் காட்டுவான். அந்தத் தோளைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் எங்களில் உண்டு.

அந்தக் கம்பெனி ஒரு முற்பகலில் ஒரு மாடி முழுவதையும் காலி செய்தது. ஊர் வழக்கப்படி கேக் வெட்டி, காபி கொடுத்து, உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை என்று சொல்லி, சில மாதச் சம்பளமும் கொடுத்து அனுப்பினார்கள். இசக்கிராஜ் டிராம் நிறுத்தத்தில் நின்று பையைத் திறந்தபோது, செல்வி காலையில் கட்டிக் கொடுத்த டப்பா இன்னும் சூடாக இருந்தது. செல்வி அவன் மனைவி. ஊரில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், அவனுடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த பிறகு மொழி தெரியாமல் வேலையும் கிடைக்காமல் வீட்டோடு இருந்தவள், இருட்டோடு எழுந்து சமைத்து அவனை அனுப்புவதையே தன் உத்தியோகமாக எடுத்துக்கொண்டவள். சாப்பிடாத டப்பாவோடு போனால் ஏன் என்று கேட்பாள், கேட்டால் சொல்ல வேண்டும், சொன்னால் அவள் முகம் எப்படி ஆகும் என்று நினைத்த மாத்திரத்தில் அவனுக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. டப்பாவையாவது காலி செய்துவிட்டுப் போவோம் என்று அந்த நிறுத்தத்திலேயே உட்கார்ந்து புளியோதரையைச் சாப்பிட்டான். சாயந்திரம் வரை அங்கேயும் இங்கேயும் சுற்றிவிட்டு வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்குப் போனான். “இன்னைக்கு ஆபீஸ்ல என்ன விசேஷம்?” என்று செல்வி கேட்டாள். “கேக் வெட்டுனாங்க” என்றான். அது பொய்யும் இல்லை.

மறுநாள் காலையில் டப்பா கட்டித் தயாராக இருந்தது. கட்டின டப்பாவை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கிக்கொண்டு போனான். அதற்கு மறுநாளும் போனான். வேலை போனால் கொஞ்ச நாளில் விசாவும் போய்விடும் என்பது தெரிந்திருந்தும், போனிலேயே ஊரிலுள்ள கம்பெனிகளுக்கெல்லாம் விண்ணப்பம் அனுப்பிக்கொண்டு, எல்லாக் கம்பெனியும் மிக மரியாதையாக மறுத்துக்கொண்டிருக்க, சட்டையைத் தேய்த்துப் போட்டு, கழுத்தில் பழைய ஆபீஸ் அட்டையை மாட்டிக்கொண்டு, செல்வி ஜன்னலில் நின்று கையசைக்க, தெருமுனை திரும்பும் வரை வேகமாகவும் திரும்பிய பிறகு மெதுவாகவும் நடந்து போய்க்கொண்டிருந்தான்.

மழையில் எத்தனை நேரம்தான் சுற்றுவது. நூலகத்துக்குப் போனால் எங்களில் யாராவது பிள்ளைகளோடு வருவோம், கடைத்தெருவுக்குப் போனால் எங்களில் யாராவது தள்ளுபடி விலையில் ஜாக்கெட் பார்த்துக்கொண்டிருப்போம், ரயில் நிலையத்துக்குப் போனால் எங்களில் யாராவது ஊரிலிருந்து வருகிற மாமனாருக்காகக் காத்திருப்போம். மழையூரில் தமிழன் கண்ணில் படாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது கலைக்கூடம். கம்பெனி புத்தாண்டுக்குக் கொடுத்த வருஷ அனுமதி அட்டை அவன் பர்ஸில் கிடந்தது. வேலைக்கு ஆயுள் முடிந்த பிறகும் அட்டைக்கு ஆயுள் இருந்தது.

உள்ளே கதகதப்பாக இருந்தது, யாரும் எதுவும் கேட்கவில்லை. ராஜாக்கள் இருந்த அறையைத் தாண்டினான், போர் நடந்த அறையைத் தாண்டினான். கப்பல் ஓவியங்கள் இருந்த அறையில் அவனால் நிற்கவே முடியவில்லை, ஒவ்வொரு கப்பலிலும் சரக்கை யாரோ சரியாக அடுக்கியிருந்தார்கள். மாடியில் கடைசி அறையில், மாதக் காலண்டர் அளவுக்குச் சின்னதாக ஒரு படம் இருந்தது. செங்கல் தரை, இடது பக்கம் ஜன்னல், ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பெண் ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருக்கிறாள், தோல் அறுந்துவிடாமல் சுருள் சுருளாக அவள் மடியில் இறங்குகிறது, பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. அவ்வளவுதான் படம்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கவில்லை, இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்கவில்லை. எதிரே கிடந்த பெஞ்சில் மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் காலையிலிருந்து நெஞ்சில் ஏறி நின்ற ஏதோ ஒன்று கீழே இறங்கியது. வாடகை, விசா, சங்கம், மாமியார் வீடு எல்லாம் கட்டடத்துக்கு வெளியே மழையில் நனைந்துகொண்டு நிற்க, உள்ளே அவனும் ஒரு ஆப்பிளும் மட்டும் இருந்தார்கள். அவன் பிறந்ததிலிருந்து அவ்வளவு நிம்மதியாக எங்கேயும் உட்கார்ந்ததில்லை. சாயந்திரம் வெளியே வந்து டிராம் ஏறும்போது அந்த நிம்மதியே அவனைப் பிடுங்கித் தின்னும். வேலை போன மனுஷன் கஷ்டப்பட வேண்டாமா? வீட்டில் ஒருத்தி ஜன்னலில் நின்று கையசைத்து அனுப்புகிறாள், இவன் ஒரு பழத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறான் என்று தன்னையே திட்டிக்கொள்வான். திட்டிவிட்டு, மறுநாள் கதவு திறக்கும் முன்பே படியில் போய் நிற்பான்.

கடிகாரம் தள்ளிவைத்த அந்த வாரத்தில் ஒரு நாள் போனபோது நாற்காலியில் ஆள் இருந்தது. நமக்கு முதுகைக் காட்டி, அந்தப் பெண்ணின் பக்கமாகத் திரும்பி, இரண்டு தோளும் தளர்ந்து இறங்கி, மடியில் எதையோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இசக்கிராஜுக்கு முதலில் அந்த ஆள்மேல் பொறாமைதான் வந்தது. கொடுத்துவைத்தவன், எவ்வளவு சுகமாக உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தான். பிறகுதான் இடுப்போரமாக எட்டிப் பார்த்த எவர்சில்வர் டப்பாவைக் கவனித்தான். அதில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் ‘வே. ஆவுடையம்மாள்’ என்று இருந்தது. கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுத்துக் கொடுக்கிறவர்கள் கடையிலேயே தங்கள் பெயரை வெட்டிக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். ஆவுடையம்மாள் செல்வியின் அம்மா. அவன் தன் மடியில் இருந்த டப்பாவைக் குனிந்து பார்த்தான். அதே பெயர், பெயருக்குக் கீழே அதே ஒடுக்கு.

அவனுக்கு ஆச்சரியம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. வேலை நாளில், பட்டப்பகலில், இன்னொரு பெண் பழம் சீவுவதைப் பார்த்துக்கொண்டு சொகுசாக உட்கார்ந்திருந்ததைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்களே என்று காது மடல் சுட்டது. காவலுக்கு நின்ற அம்மாள் பக்கத்தில் வந்து படத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். “அந்த நாற்காலி ரொம்ப வருஷமாகக் காலியாகத்தான் கிடந்தது” என்றாள். “இருக்கட்டும், பரவாயில்லை.”

அன்றிரவே அவன் செல்வியிடம், இனிமேல் பிளாஸ்டிக் டப்பாவில் கட்டிக்கொடு என்று சொல்லிப் பார்த்தான்.

“சூடா இருக்கறத பிளாஸ்டிக்ல வைக்கக் கூடாதுன்னு தெரியாதா? எங்கம்மா குடுத்த டப்பாவுக்கு என்ன கொறச்சல்?” என்றாள் செல்வி.

படத்தில் தமிழ்ப் பெயர் இருக்கிற விஷயம் எங்களுக்குத் தெரிந்தது வானதி டீச்சரால். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை மழைக்கு ஒதுங்கக் கலைக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவள், மாடியில் கடைசி அறையில் போய் நின்றவள், நின்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டு, “பிள்ளைகளா, எழுத்துக் கூட்டிப் படிங்க” என்றாளாம். ஊறுகாய் என்று எழுதச் சொன்னால் அழுகிற பிள்ளைகள் ‘ஆ... வு... டை...’ என்று அந்த அறை எதிரொலிக்கப் படித்தார்களாம். அங்கே போட்டோ எடுக்க அனுமதி கிடையாது. அதனால் வானதி டீச்சர் கண்ணால் கண்டதை வாயால் சொன்னாள், கேட்டவர்கள் போய்ப் பார்த்துவிட்டுத் தங்கள் பங்குக்குச் சொன்னார்கள், ஒவ்வொருவர் வாயிலும் படம் ஒரு சாண் வளர்ந்தது.

சங்கத் தலைவர் கலியபெருமாள் நெய்வேலிக்காரர், எதற்கும் மேடை போடத் தெரிந்தவர். “நாமதான் முதல்ல வந்தோம்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம். முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே நம்மாளு இங்க வந்து பேர வெட்டிட்டுப் போயிருக்கான். நாமதான் லேட்டு!” என்று கூட்டத்தில் அவர் சொன்னபோது எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ‘வே.’ என்றால் வேளிர் குலம் என்று ஒருவர் சொன்னார், வேணாடு என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். அந்த ஆளின் கழுத்தில் கிடந்த பட்டை இந்த நாட்டு ராஜா போட்ட பதக்கம் என்றார்கள். அவன் போட்டிருப்பது பட்டு அங்கி என்றார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து பரராஜசிங்கம் அண்ணை எழுந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, ஓட்டல் ஓட்டலாகப் பாத்திரம் கழுவித் தலை நரைத்தவர்.

“தம்பியவை, குறை நினையாதேங்கோ, உது எவர்சில்வர் சாப்பாட்டுப் பெட்டியெல்லோ? என்ர மனிசியிட்டையும் உப்பிடி ஒண்டு கிடக்கு” என்றார்.

“அண்ணே, இரும்பு தமிழனுக்குப் புதுசா?” என்று கேட்டார் கலியபெருமாள். கைதட்டலில் கட்டடம் அதிர்ந்தது. அண்ணை எங்களை எல்லாம் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, “அப்ப சரி” என்று உட்கார்ந்துவிட்டார்.

இப்படியாக ஆவுடையம்மாளுக்கு ஒரு சரித்திரம் உண்டாயிற்று. அவள் கப்பல் வைத்து வணிகம் செய்த சீமாட்டி, கடல் கடந்து வந்து இந்த ஊர்ப் பெண்களோடு சரிக்குச் சமமாகப் பழகியவள், படத்தில் அவள் இல்லை, ஏனென்றால் மானமுள்ள பெண் அந்நிய ஓவியனுக்கு முன்னால் உட்கார மாட்டாள், உட்கார்ந்திருப்பது அவளுக்குச் சாப்பாடு சுமந்துகொண்டு வந்த வேலைக்காரன். இதைக் கேட்டபோது கூட்டத்தில் தோளை நிமிர்த்தி உட்கார்ந்திருந்த இசக்கிராஜுக்கு, அப்பாடா, வேலைக்காரனோடு போயிற்று என்று ஒரு நிமிஷம் ஆறுதலாக இருந்தது, மறு நிமிஷம் அந்த ஆறுதலை நினைத்துத் தலை குனிந்தது.

எங்களைக் கேலி செய்வது சுலபம். அந்தக் குளிர்காலத்தில் எங்களுக்கு ஒரு ஆவுடையம்மாள் தேவைப்பட்டாள். டிராமில் எங்கள் பக்கத்து இருக்கை காலியாகவே வந்த குளிர்காலம் அது, உங்கள் ஊருக்கே போங்கள் என்று சுவர்களில் எழுதியிருந்த குளிர்காலம். அவள் வந்த பிறகு நாங்கள் டிராமில் காலை அகட்டி உட்கார்ந்தோம். மகளிர் அணிக்கு அவள் பெயரை வைத்தோம். கலைக்கூட வாசலை மிதிக்காதவர்கள் எல்லாம் வருஷ அட்டை வாங்கினோம். பூ கொண்டுபோனோம், காவலுக்கு நின்ற அம்மாள் பூவை வாங்கி வைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட மட்டும் அனுமதித்தாள். விசா புதுப்பிக்க வேண்டியவர்கள் அந்தப் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றார்கள், சிலருக்குப் புதுப்பித்தும் கிடைத்தது. ஊரில் தமிழன் கண்ணில் படாமல் இருந்த ஒரே இடமும் இப்படி எங்களால் நிறைந்துபோனது. இசக்கிராஜ் எங்கே போவான்? துறைமுகத்துக்குப் போகிற பஸ் நிறுத்தங்களில் உட்கார்ந்து, சாரலில் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

செல்விக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் தலைகால் புரியவில்லை. “எங்கம்மா பேருல்லா!” என்று போனைப் போட்டு அம்மாவிடம் சொன்னாள், அம்மா சங்கரன்கோவிலில் தெரு முழுக்கச் சொன்னாள், வெள்ளைக்காரன் ஊரில் தன் பெயர் எழுதியிருக்கிறது என்ற நினைப்பிலேயே அந்த அம்மாளுக்கு முட்டுவலி குறைந்துவிட்டதாம். எப்போது கூட்டிக்கொண்டு போவீர்கள் என்று செல்வி தினமும் கேட்டாள். கூட்டமாக இருக்கிறதாம் என்று ஒரு நாள் சொன்னான். ஆபீஸில் வேலை அதிகம் என்று ஒரு நாள் சொன்னான். பொங்கலை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை சங்கமே குடும்பம் குடும்பமாகப் போவது என்று கலியபெருமாள் முடிவு செய்தார். ஆவுடையம்மாளின் பெருமையை எடுத்துச் சொல்ல யாரைப் போடலாம் என்று யோசித்து, நன்றாகப் பேசுகிறவன் இசக்கிராஜ்தானே என்று அவன் பெயரையே போட்டார். முடியாது என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். அவனிடம் இருந்த ஒரே காரணத்தை அவனால் சொல்ல முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நாங்கள் மறக்க மாட்டோம். பட்டுச் சேலைக்கு மேல் மழைக்கோட்டும், வேட்டிக்குக் கீழே கம்பளி உள்காற்சட்டையுமாக நாங்கள் மாடிப் படியேறியபோது ஊர்க்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அறை கொள்ளாமல் நின்றோம். படத்துக்குப் பக்கத்தில், படத்தைப் பார்க்காமல், இசக்கிராஜ் நின்று பேச ஆரம்பித்தான். நன்றாகத்தான் பேசினான். அந்நிய மண்ணில் தன் பெயரை மறைக்காமல் வெட்டிவைத்த பெண்ணின் துணிச்சலைப் பற்றிச் சொன்னான். மறைக்க ஒன்றும் இல்லாதவர்களுக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும் என்று சொன்னான். முன்வரிசையில் செல்வி நின்றாள், நீலத்தில் அரக்குக் கரை போட்ட கல்யாணப் புடவையில்.

அவள் முதலில் எழுத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு எழுத்துக்குக் கீழே இருந்த ஒடுக்கைப் பார்த்தாள். அது அவள் கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்து உண்டான ஒடுக்கு. பிறகு அந்த ஆளின் பின்மண்டையைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள். தோளைத்தான் நெடுநேரம் பார்த்தாள். அவள் பார்த்துவிட்டாள் என்பது இசக்கிராஜுக்குத் தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் அவன் பேச்சை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வாய் தன் பாட்டுக்குத் தமிழரின் மானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போனது, முடிவில் நன்றி வணக்கமும் சொன்னது.

“நம்ம செல்வியம்மாவோட அம்மா பேரும் ஆவுடையம்மாள்தானாம்!” என்று கலியபெருமாள் குறுக்கே வந்தார். “ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா.”

செல்வி எங்கள் பக்கம் திரும்பினாள். “எங்க ஊர்ல அந்தப் பேரு தெருவுக்கு ஒண்ணு உண்டு அண்ணாச்சி” என்றாள். “இவுக யாரோ. பெரிய எடத்துக்காரவுக போல இருக்கு.”

நாங்கள் கைதட்டினோம். செல்வியும் எங்களோடு சேர்ந்து தட்டினாள். அவள் கை தட்டுவதை இசக்கிராஜ் பார்த்துக்கொண்டு நின்றான்.

இதற்குப் பிறகு நடந்ததைச் செல்வியே எங்களில் ஒருத்தியிடம் சொன்னாள், எங்களில் ஒருத்தியிடம் சொன்னால் எல்லோருக்கும் சொன்ன மாதிரிதான். உண்மை தெரிந்த பிறகு எங்களுக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவனை அவன் காதுபடவே வேலைக்காரன் என்று சொன்னவர்கள் நாங்கள். அதைவிட, அவன் எங்கள் கண்ணில் படக் கூடாது என்றுதானே அங்கே போய் ஒளிந்தான் என்பது எங்களை உறுத்தியது. அதற்காக விழா நின்றுவிடவில்லை. பெயர் வைத்த மகளிர் அணியைக் கலைக்க முடியுமா? வருஷா வருஷம் பொங்கலுக்கு மாடியேறிப் போகிறோம், கும்பிடுகிறோம், அந்த முதுகைப் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் குனிந்துகொள்கிறோம்.

அன்றைக்குச் செல்வி அவனோடு டிராமில் திரும்பினாள். வீட்டுக்கு வந்து, மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல், அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டாள்.

“வேல எப்ப போச்சு?”

“கேக் வெட்டுனாங்கன்னு சொன்னேம்லா. அன்னைக்கு.”

“அன்னைலருந்து நான் கட்டிக் குடுத்தத எல்லாம் அங்க வச்சா சாப்பிட்டிய?”

“உள்ள சாப்பிட விடமாட்டான். வெளிய படியில உக்காந்து சாப்பிடுவேன்.”

“மழையிலயா?” என்றாள். அந்த ஒரு கேள்வியில் அவள் குரல் இளகியதைக் கேட்டபோது அவனுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

“வேல யாருக்குத்தான் போவல. அதையா நான் கேக்கேன்?” என்று அவள் மறுபடியும் ஆரம்பித்தாள். “அந்தப் படத்துல தோளு எறங்கி உக்காந்திருக்கிய. கல்யாணம் ஆன நாள்லருந்து இந்த வீட்ல அப்பிடி ஒரு நாள் உக்காந்திருக்கியளா? ஆபீஸ்லருந்து வந்தாலும் வெறச்சுக்கிட்டு, சாப்பிடும்போதும் வெறச்சுக்கிட்டு. நான் என்ன ஒங்கள பரிச்சையா வைக்கேன்?”

“வெக்கமா இருந்துச்சு செல்வி.”

“ஊர்க்காரங்கள்ட்ட வெக்கப்படுங்க. சங்கத்துக்காரங்கள்ட்ட வெக்கப்படுங்க. எங்கிட்ட வெக்கப்பட்டா, நான் யாரு ஒங்களுக்கு?”

அவன் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. சங்கரன்கோவிலிலிருந்து ஆவுடையம்மாள். திரை நிறைய அந்த அம்மாளின் முகமும், முகத்துக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பக்கத்து வீட்டுக்காரிகளும் தெரிந்தார்கள். “ஏ செல்வி, போனியளா? பாத்தியளா? எம் பேரு எப்பிடி எழுதியிருக்கு? இங்க எல்லாரும் கேக்காளுவ” என்று குரல் வீடு முழுக்க நிறைந்தது.

செல்வி போனை அவனிடம் நீட்டினாள். “அங்க அத்தன பேரு முன்னால ஒங்களுக்காவ நான் பொய் சொல்லியாச்சு. எங்கம்மாட்ட என்னால முடியாது. நீங்க பேசுங்க.”

கல்யாணமானதிலிருந்து இசக்கிராஜ் மாமியாரிடம் சுகம் விசாரித்ததைத் தவிர வேறு ஒன்றும் பேசியதில்லை. மாப்பிள்ளை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவன் வீட்டிலும் நினைத்தார்கள், அவள் வீட்டிலும் நினைத்தார்கள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“அத்தை, அது ஒங்க டப்பாதான். கல்யாணத்துக்குக் குடுத்தியளே, அந்த டப்பா. அந்தப் படத்துல உக்காந்திருக்கது நாந்தான். எனக்கு வேல போயிட்டு அத்தை. வீட்ல சொல்லாம அங்க போயி உக்காந்திருந்தேன். அது படத்துல விழுந்துட்டு.”

பக்கத்து வீட்டுக்காரிகள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வெளியே போனார்கள். மருமகன் படத்துக்குள் போனதை ஆவுடையம்மாள் ஒரு அதிசயமாக எடுத்துக்கொண்டதாகவே தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டாள்.

“பக்கத்துல யாரோ பொம்பள பழம் அறுத்துட்டு இருக்காளாமே, அது செல்வியா மாப்ள?”

“இல்ல அத்தை. அது இந்த ஊர்க்காரி.”

“அப்ப எம்மவ எங்க நிக்கா அதுல?”

அவன் அந்தப் படத்தை மனசுக்குள் கொண்டுவந்து ஜன்னலைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், கதவுப் பக்கம் பார்த்தான்.

“அவ அதுல இல்ல அத்தை” என்றான். “நான் அவளக் கூட்டிட்டே போகல.”

அதைச் சொன்ன பிறகுதான் அவன் அழுதான், மாமியார் பார்க்கப் பார்க்க, போனை மூடக்கூடத் தோன்றாமல். செல்வி பக்கத்திலேயே நின்றாள். போனை அவன் கையிலிருந்து அவள் வாங்கிக்கொள்ளவில்லை.